எதுக்கும் ஒரு தடவை

கள்ளக்குறிச்சி
13-2-1989
(பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்)

அன்புள்ள தைலத்துக்கு,

ராஜாங்கம் எழுதிக்கொள்வது. நீயும் கண்ணகியும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். எனக்குக் கோவையாக எழுத வராது. அதனால் இந்தக் கடிதத்தில் சொல்லப் போவதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. வீட்டு நிலவரம்.
2. என் கண்.
3. ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கை எப்படி உண்டாகிறது என்பது பற்றி என் கருத்து. இதில் (அ), (ஆ), (இ) என்று மூன்று பிரிவுகள்.
4. திருநாவலூரில் நடந்தது.
5. ஒரு வேண்டுகோள்.

முதலாவது. வீடு இருக்கிறது. காலையில் நானே சோறு வடிக்கிறேன், இரண்டு வேளைக்கும் அதுதான். நிலத்தைக் குத்தகைக்குப் பார்க்கும் அம்மாசி தினமும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். உன் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். போதுமா, ஜாஸ்தியா என்று தெரியவில்லை. இலை உதிர்கிறது.

இரண்டாவது. வலது கண்ணில் புரை முற்றிவிட்டது என்று புதுச்சேரி டாக்டர் சொல்கிறார். இடது கண்ணும் அதே வழியில் போகிறதாம். வெயில் ஏறுவதற்குள் அறுவை செய்துகொண்டால் நல்லதாம். கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

மூன்றாவது. இதை எழுத எனக்குத் தகுதி உண்டா என்ற சந்தேகம் இருக்கிறது. ஆனாலும் எடைக்கல் இன்ஸ்பெக்டராக இந்தப் பக்கத்துக் கடைத்தெருக்களிலேயே என் காலம் போயிற்று. யாரை நம்பலாம், யாரை நம்பக் கூடாது என்பதுதான் என் வேலையாக இருந்தது.

(அ) சின்னக் காரியத்தில் சரியாக இருப்பவரைப் பெரிய காரியத்திலும் நம்பலாம். நைனார்பாளையத்தில் ஒரு மளிகைக்காரர் இருந்தார். கடுகு நிறுப்பதானாலும் தட்டைத் துண்டால் துடைத்துவிட்டுத்தான் நிறுப்பார். அவர் கடையில் புளி மூட்டையைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

(ஆ) நம்பிக்கை ஒரே நாளில் வந்துவிடாது. சொன்னதைச் செய்து, மறுபடியும் சொன்னதைச் செய்து, அப்படியே சேர வேண்டும்.

(இ) சரிபார்ப்பது அவமதிப்பு ஆகாது. நல்ல எடைக்கல்லும் புழங்கப் புழங்கத் தேயும். அதனால்தான் நாணயமான வியாபாரியின் கல்லையும் எடுத்துப் பார்த்து முத்திரை குத்துகிறோம். பார்த்த பிறகு அந்தக் கல்லுக்கு மதிப்பு கூடுகிறது, குறைவதில்லை. மனிதர்களுக்கும் இதுவே பொருந்தும் என்று நினைக்கிறேன். நான் நினைப்பது தவறாக இருக்கலாம். ஆனால் இது தவறாக இருக்காது என்றே படுகிறது.

நான்காவது. உன் அக்கா ரங்கம்மாளின் சாவுக்குத் திருநாவலூர் போன நீ வீட்டுக்குத் திரும்பாமல், அங்கிருந்து நேரே மலைக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டாய். ஏன் என்று ஊர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அதைப் பற்றி எழுத ஆரம்பித்து மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன். அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

ஐந்தாவது. நீ வீட்டுக்கு வர வேண்டும்.

இப்படிக்கு,
ராஜாங்கம்


வெள்ளிமலை
22-2-1989

கண்ணகி அப்பாவுக்கு,

தைலம்மாள் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். பனி இன்னும் விடவில்லை. காலையில் எட்டு மணி வரைக்கும் எதிர் வீடு தெரிவதில்லை. கண்ணகிக்கு ஆஸ்பத்திரியில் வேலை ஜாஸ்தி. நர்சு என்றுதான் பெயர், பிரசவம் முதல் பாம்புக்கடி வரை எல்லாவற்றுக்கும் இவளைத்தான் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் கடிதம் கிடைத்தது. கிடைத்தது என்று உங்களுக்கே தெரியும். நான் கையெழுத்துப் போட்ட அட்டை இதற்குள் உங்கள் கைக்கு வந்திருக்கும்.

தபால்காரர் சின்னக்கண்ணு வாசலில் நின்றுகொண்டு, "இன்னாம்மா, கோர்ட்டு நோட்டீசா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, எங்க வூட்டுக்காரரு கடுதாசி."

"வூட்டுக்காரரு கடுதாசியா! அதுக்கு எதுக்கு ரிஜிஸ்தரு? நான் இன்னா வழியில பிரிச்சிப் படிச்சிடவா போறேன்?"

அந்த மனிதர் முகம் சுருங்கிப் போய்விட்டது. இத்தனை காலம் தினமும் மூட்டையைச் சுமந்துகொண்டு மலையேறி வருகிறவர். கண்ணகிதான் சமாளித்தாள். "எங்கப்பா லெட்டரு ஊசி மாதிரிண்ணே. கையெழுத்து வாங்கிக்கினுதான் குத்துவாரு" என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

நீங்கள் நான்காவதை எழுத முடியாமல் தாளைக் கிழித்தீர்கள். நான் எழுதுகிறேன். எனக்குக் கிழிக்க ஒன்றும் இல்லை.

எங்கள் அக்காவை நடுவீட்டில் கிடத்தியிருந்தது. நான் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். உங்களுக்குக் காய்ச்சல், அதனால் வரவில்லை என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். அப்போது அம்மாசியண்ணன் வந்து வாசலில் செருப்பை விட்டுவிட்டு நிற்கிறார். மாலை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கையில் ஒன்றும் இல்லை.

எங்கள் அக்காவின் பெரிய நாத்தனார் கொளஞ்சியம்மாள்தான், "வாங்கண்ணே, குந்துங்க. காப்பித் தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, நான் திரும்பணும். அம்மா இங்கதான் வந்திருக்காங்களான்னு எதுக்கும் ஒரு தடவை பாத்துட்டு வரச் சொன்னாரு ஐயா. பாத்துட்டேன்."

ஒப்பாரி நின்றது. எங்கள் ஊர்ப் பெண்கள் சாவு வீட்டில் அழுகையை நடுவில் நிறுத்தி நான் பார்த்ததில்லை. முதலில் யாரோ மூக்கைச் சிந்துகிற மாதிரி சிரித்தாள். அப்புறம் கொளஞ்சியம்மாள், "ஏண்டி தைலம், சாவுக்குப் போறேன்னு சொல்லிட்டு சினிமாவுக்குப் போயிடுவேன்னு பயந்துட்டாராடி?" என்றாள். அதற்குமேல் அடக்க முடியாமல் அத்தனை பேரும் சிரித்தார்கள். என் அக்கா படுத்திருக்கிறாள். அவள் தலைமாட்டில் உட்கார்ந்து எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

எனக்கு அறுபது வயது.

உங்கள் வேண்டுகோளுக்கு இப்போது பதில் இல்லை.

தைலம்மாள்

செடிக்கு வாரத்துக்கு இரண்டு தடவை ஊற்றினால் போதும்.


கள்ளக்குறிச்சி
1-3-1989
(பதிவுத் தபால்)

அன்புள்ள தைலத்துக்கு,

உன் கடிதத்தைக் கண்ணாடியும் பூதக்கண்ணாடியும் வைத்துப் படித்தேன். எழுத்து தெரிந்தது. தெரியாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

அன்று நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நீ பஸ் ஏறிப் போன பிறகு டீக்கடையில் ஒருவர், உளுந்தூர்பேட்டை தாண்டி ஒரு பஸ் பள்ளத்தில் சாய்ந்துவிட்டது என்றார். எந்த பஸ், எத்தனை மணி என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. யாரோ சொன்னார்கள் என்றார். நானே புறப்பட்டிருக்க வேண்டும். காய்ச்சல் இருந்தது உண்மை. ஆனால் காய்ச்சல் இல்லாவிட்டாலும் புறப்பட்டிருப்பேனா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. போகிற வழியில் அந்தப் பஸ்ஸைப் பார்க்க நேர்ந்துவிடுமோ என்ற பயம். அதனால் அம்மாசியைக் கூப்பிட்டு, "அம்மா பத்திரமா வந்து சேந்தாங்களான்னு எதுக்கும் ஒரு தடவை பாத்துட்டு வாங்க" என்று அனுப்பினேன்.

'பத்திரமாக' என்ற அந்த ஒரு சொல் வழியில் விழுந்துவிட்டது. அது இருந்திருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

ஆனால் அந்தச் சொல்லை நான் சொன்னேனா, சொன்னதாக இப்போது நினைத்துக்கொள்கிறேனா என்ற சந்தேகம் நேற்றிலிருந்து வந்துவிட்டது. அம்மாசியைக் கேட்டேன். "எனக்கு நெனப்பில்லீங்க ஐயா. நீங்க எப்பவும் சொல்றதத்தான் சொன்னீங்க" என்றார்.

உன்னை நான் சந்தேகப்பட்டதில்லை. நீ எங்கே போகிறேன் என்றாயோ அங்கேதான் போயிருக்கிறாய். ஒவ்வொரு முறையும் அப்படித்தான் இருந்திருக்கிறது. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

புதுச்சேரி டாக்டர் பங்குனி முடிவதற்குள் வரச் சொல்கிறார்.

இப்படிக்கு,
ராஜாங்கம்


வெள்ளிமலை
14-3-1989

கண்ணகி அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். மறுபடியும் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். சின்னக்கண்ணு இந்தத் தடவை பேனாவை மட்டும் நீட்டினார்.

"ஒவ்வொரு முறையும் அப்படித்தான் இருந்திருக்கிறது, எனக்கு நன்றாகத் தெரியும்" என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படித் தெரியும்? ஒவ்வொரு முறையும் கேட்டுப் பார்த்தீர்கள், அதனால் தெரியும். அடுப்பை அணைத்துவிட்டேன் என்று சொன்னால் போய்ப் பார்ப்பீர்கள். அணைந்திருக்கும். "அணைஞ்சிதான் இருக்குது" என்று எனக்கே வந்து சொல்வீர்கள்.

கல்யாணமான புதிதில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கிறதா? எங்கள் அப்பா எனக்கு ஏழு சவரன் போட்டார். நீங்கள் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தீர்கள். ஒரு நாள் நகையை எல்லாம் காகிதத்தில் சுற்றிக்கொண்டுபோய் ஆபீசுத் தராசில் வைத்துப் பார்த்தீர்கள். சாயந்தரம் சிரித்த முகமாக வந்தீர்கள். எங்கள் அப்பா அன்றைக்குப் பலாப்பழம் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். அவரிடமே, "மாமா, எதுக்கும் ஒரு தடவை போட்டுப் பாத்தேன். குந்துமணி கம்மியில்ல, கரெக்டா இருக்குது. உங்க வார்த்தை வார்த்தைதான்" என்றீர்கள்.

அவரைப் புகழ்ந்ததாக நீங்கள் நினைத்தீர்கள். இன்றைக்கு வரைக்கும் அப்படித்தான் நினைக்கிறீர்கள். அவர் பலாப்பழத்தை இறக்கி வைத்துவிட்டு, "சரிங்க மாப்ளே" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் நம் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்தாரா, சொல்லுங்கள். வாசலோடு நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். சாகிற வரைக்கும் அப்படித்தான். ஏன் என்று நீங்கள் கேட்டதே இல்லை. எல்லாவற்றையும் கேட்கிறவர் அதை மட்டும் கேட்கவில்லை.

உங்களைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. குடித்ததில்லை. பொய் சொன்னதில்லை. சம்பளத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தீர்கள். எந்த வியாபாரியிடமும் கை நீட்டியதில்லை. உங்களைச் சரிபார்க்க எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. ஆனால் உங்கள் பக்கத்தில் இருந்து இருந்து நான் பொய்க்காரியாகிவிட்டேன். அது உங்களுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக் காசியம்மாளோடு கோயில் வாசலில் பேசிக்கொண்டு நின்றிருப்பேன். வீட்டுக்கு வந்து, பூசை முடிய நேரமாகிவிட்டது என்பேன். ஏன் தெரியுமா? பேசிக்கொண்டு நின்றேன் என்றால் காசியம்மாளைக் கேட்பீர்கள். பூசாரியைக் கேட்க உங்களுக்குக் கூச்சம். கேட்டுப் பார்க்க முடியாததாகத் தேடித் தேடிச் சொல்லக் கற்றுக்கொண்டேன். ஒன்றும் இல்லாத விஷயத்துக்கு. உங்கள் (அ) பிரிவில் இதை எங்கே வைப்பீர்களோ.

இதையெல்லாம் எழுதிவிட்டுப் போதும் என்றுதான் இருந்தேன். கண்ணகி உங்கள் கண்ணைப் பற்றிப் படித்துவிட்டு நேற்று என்னோடு சண்டை போட்டாள். "ரெண்டு கண்ணுக்கும் கட்டுப் போட்டா அஞ்சு நாளைக்கு அவிழ்க்கக் கூடாதும்மா. அசையாம படுக்கணும். அப்பா தனியா இன்னா பண்ணுவாரு?" என்றாள்.

அஞ்சு நாள் எதையும் பார்க்காமல் எப்படி இருப்பீர்கள் என்று நினைத்தேன். சொட்டு மருந்து ஊற்றுகிறவள் சரியான சீசாவைத்தான் எடுத்தாளா என்று எப்படிப் பார்ப்பீர்கள்? நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் ஏழாம் தேதி வெள்ளிக்கிழமை வருகிறேன். கள்ளக்குறிச்சியிலிருந்து காலை ஆறு மணிக்கு மேலே வரும் பஸ் எட்டரைக்கு இங்கிருந்து கீழே திரும்பும். அதில் ஏறுவேன். ஒரே ஒரு நிபந்தனை. யாரையும் கேட்காதீர்கள். கண்ணகிக்கு எழுதாதீர்கள், அம்மாசியண்ணனை அனுப்பாதீர்கள், பஸ் வரும்போது நிலையத்தில் வந்து நிற்காதீர்கள். வருகிறேன் என்று சொன்னேன். அதை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருங்கள். அவ்வளவுதான். அதை உங்களால் செய்ய முடிந்தால், அப்புறம் நான் மலைக்கு வரும் பேச்சையே எடுக்க மாட்டேன். முடியாவிட்டால் இனிமேல் நமக்குள் எழுத ஒன்றும் இல்லை.

உலை வைத்துவிடுங்கள். குழம்பு நான் வந்து வைக்கிறேன்.

தைலம்மாள்


கள்ளக்குறிச்சி
20-3-1989
(பதிவுத் தபால்)

அன்புள்ள தைலத்துக்கு,

சம்மதம். கண்ணகிக்கு எழுத மாட்டேன். அம்மாசியை அனுப்ப மாட்டேன். பஸ் வரும்போது நிலையத்துக்குப் போக மாட்டேன். மூன்றையும் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

உன் அப்பா பற்றி எழுதியதைப் பல முறை படித்தேன். நான் அன்றைக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தேன் என்பது மட்டும் நினைவில் இருக்கிறது. அவர் ஏன் உள்ளே வருவதில்லை என்று கேட்காதது, கேட்டால் என்ன பதில் வருமோ என்ற பயத்தினால்தான்.

புதுச்சேரிக்குப் பத்தாம் தேதி வருவதாகச் சொல்லிவிட்டேன். ஒட்டடை அடித்துவிட்டேன். உன் பழைய கட்டிலை வெயிலில் போட்டு எடுத்தேன். செடியில் ஒரு கொழுந்து வந்திருக்கிறது.

இந்தக் கடிதத்தையும் பதிவில்தான் அனுப்புகிறேன். சம்மதம் என்ற செய்தி வழியில் தவறிவிடக் கூடாது என்பதற்காக. இதுதான் கடைசி.

இப்படிக்கு,
ராஜாங்கம்


வெள்ளிமலை
8-4-1989

ராஜாங்கம் அவர்களுக்கு,

நேற்று நடந்தது உங்களுக்குப் பாதி தெரியும். மீதியை எழுதுகிறேன்.

விடியற்காலையில் எழுந்து தலைக்குக் குளித்தேன். கண்ணகி நேரத்திலேயே என்னை பஸ் நிற்கும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நான் வருவதற்கு நீங்கள் காத்திருக்கிறீர்கள், யாரையும் கேட்காமல் காத்திருக்கிறீர்கள் என்று அவளிடம் இரண்டு மூன்று தடவை சொன்னேன். எனக்கு அதில் பெருமை. "இன்னாம்மா, புதுப் பொண்ணு மாதிரி பேசுற" என்று கிண்டல் செய்தாள்.

பஸ் வந்தது. கண்ணகி என் பையை உள்ளே முன் சீட்டில் வைத்துவிட்டு இறங்கினாள். நான் ஒரு காலைப் படியில் வைத்தேன். அப்போது கண்டக்டர் பின்பக்கத்திலிருந்து விசிலைக் கையில் வைத்துக்கொண்டு சத்தம் போட்டான்.

"இங்க தைலம்மான்னு ஆருங்க?"

நான்தான் என்றேன்.

"நீங்கதானா! காலைல கீழ பஸ்ஸாண்ட ஒரு பெரியவரு வந்தாரும்மா. நீங்க நெஜமாலுமே ஏறுறீங்களான்னு எதுக்கும் ஒரு தடவை பாத்துக்கச் சொன்னாரு. ஏறலன்னா வந்து அவராண்ட சொல்லணுமாம்."

பஸ்ஸுக்குள் மரவள்ளிக் கிழங்குக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒருத்தி, "ஏன் ஆத்தா, ஓடிப்போயிடுவியா நீ?" என்றாள். அவள் பக்கத்தில் இருந்தவள், "இந்த வயசுல ஆருகூடடி ஓடுறது, முட்டி புடிச்சிக்குமே" என்றாள். பஸ்ஸே சிரித்தது. நல்ல ஜனங்கள், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. வேறு யாருக்காவது நடந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

காலைப் படியிலிருந்து எடுத்துவிட்டேன்.

கண்ணகி ஓடிவந்து கையைப் பிடித்தாள். "ஏறும்மா. அப்பாவப் பத்தித் தெரியாதா உனக்கு?"

"தெரிஞ்சதாலதான் எறங்குறேன்."

டிரைவர் ஆரன் அடித்துக்கொண்டே இருந்தான். கண்டக்டருக்குப் பாவம், ஒன்றும் புரியவில்லை. "ஏம்மா, பெரியவராண்ட நான் போயி இன்னா சொல்றது?" என்று கேட்டான்.

"சரியா இருந்துதுன்னு சொல்லுங்க. குந்துமணி கம்மியில்லன்னு சொல்லுங்க" என்றேன்.

பஸ் போய்விட்டது. பை அதிலேயே போய்விட்டது. அதில் கொஞ்சம் சாமை அரிசி, ஒரு சீசாவில் தேன், ஒரு பொட்டலத்தில் துணி இருக்கும். கண்ணகியின் கல்யாணத்துக்கு நீங்கள் கட்டிய வேட்டியை ஒரு தடவை இங்கே விட்டுவிட்டுப் போயிருந்தீர்கள், அது நைந்துபோய் மெத்தென்று இருந்தது. அதைத் துண்டு துண்டாகக் கிழித்து, வேகவைத்து, நிழலில் காயவைத்து மடித்திருக்கிறேன். கண்ணிலிருந்து நீர் வடிந்தால் துடைப்பதற்கு. எடுத்துக்கொள்ளுங்கள். பையைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

இந்த மாதிரி நீங்கள் என்னிடம் கேட்டது எத்தனையோ. நான் உங்களிடம் கேட்டது இது ஒன்றுதான்.

இனிமேல் பதிவுத் தபால் வந்தால் வாங்க மாட்டேன். திருப்பி அனுப்பச் சொல்லி சின்னக்கண்ணுவிடம் சொல்லிவிட்டேன். கண்ணகியைப் போய் உங்களைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். இங்கே ஆஸ்பத்திரியில் ஆள் இல்லை, லீவு கிடைக்காது என்கிறாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தைலம்மாள்


கள்ளக்குறிச்சி
17-4-1989

அன்புள்ள தைலத்துக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். கோடு தெரியவில்லை, விரலை வைத்து அளந்து எழுதுகிறேன்.

உறையின் மேல் முகவரியை எப்போதும் கண்ணகிதான் எழுதுவாள். இந்த முறை நீயே எழுதியிருந்தாய். உள்ளேயும் என் பெயர் இருந்தது. கல்யாணமாகி முப்பத்தாறு ஆண்டில் என் பெயரை நீ சொல்லிக் கேட்டதில்லை, எழுதிப் பார்த்ததும் இல்லை. முதலில் வேறு யாருக்கோ வந்த கடிதம் என்று நினைத்தேன். அழகாக எழுதியிருந்தாய்.

வெள்ளிக்கிழமை நடந்ததை என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். சமாதானத்துக்காக அல்ல.

பஸ் வரும்போது நிலையத்தில் நிற்காதே என்றுதானே சொன்னாய், பஸ் போகும்போது போகலாம் என்று எனக்கு நானே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டேன். அந்த மலைப்பாதையில் உனக்குக் குமட்டும். முன் சீட்டு ஒன்று பிடித்து வைக்கும்படி கண்டக்டரிடம் சொல்லத்தான் போனேன். சத்தியமாக அதற்குத்தான் போனேன். சீட்டைப் பற்றிச் சொன்னேன். அவரும் சரி என்றார். அதோடு திரும்பியிருக்க வேண்டும். திரும்பி இரண்டு எட்டு வைத்தேன். அப்புறம் மறுபடியும் அவரிடம் போனேன். அப்போது சொன்னதைத்தான் நீ கேட்டாய்.

உன்னை நம்பாமல் கேட்டேனா, நீ வராமல் போய்விடுவாயோ என்ற பயத்தில் கேட்டேனா என்று இத்தனை நாளாக யோசிக்கிறேன். பிரித்துப் பார்க்க முடியவில்லை. என்னிடம் இரண்டுக்கும் ஒரே சொல்தான் இருந்திருக்கிறது. கேட்பவருக்கு அது ஒரே சொல்லாகத்தானே கேட்கும்.

பகல் பதினொன்றரைக்குக் கண்டக்டர் வீடு தேடி வந்தார். உலை கொதித்துக்கொண்டிருந்தது. பையைக் கொடுத்துவிட்டு, "சரியா இருந்துதுன்னு சொல்லச் சொன்னாங்க சார், குந்துமணி கம்மியில்லையாம். அப்டின்னா இன்னா சார்?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டேன். நான் பொய் சொன்னதில்லை என்று எழுதியிருந்தாய். இதை எழுதிக்கொள்.

பையை ஆணியில் மாட்டி வைத்திருந்தேன். உன் கடிதம் வரும் வரைக்கும் திறக்கவில்லை. தேன் கசிந்து அடியில் எறும்பு ஏறியது, அப்போதும் திறக்கவில்லை. இதை யாரும் பார்க்கவில்லை. நீ நம்ப வேண்டும் என்று கேட்கவும் எனக்கு வழியில்லை. கடிதம் வந்த பிறகு துணியை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஓரம் பிரியாமல் மடித்துத் தைத்திருக்கிறாய். நீ வரத்தான் புறப்பட்டாய் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. ஏழு சவரன் சரியாக இருந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். இந்தத் துணியும் சரியாகத்தான் இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு நான் யாரிடம் போய்ச் சொல்வது?

எடைக்கல்லைப் பற்றி முதல் கடிதத்தில் எழுதும்போது ஒன்றை விட்டுவிட்டேன். மறந்தேனா, வேண்டுமென்றே விட்டேனா, தெரியவில்லை. கல்லின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் ஈயம் ஊற்றியிருக்கும். அந்த ஈயத்தின் மேல்தான் முத்திரை குத்துவோம். ஒவ்வொரு முறையும் குத்திக் குத்தி இடம் தீர்ந்துபோனால், பழைய முத்திரையைச் சுரண்டிவிட்டுப் புதியதைக் குத்துவோம். சுரண்டும்போது ஈயம் பொடியாக உதிரும். வருடக் கணக்கில் சரியாக இருந்த கல் ஒரு நாள் குறையும். கடைக்காரர் தேய்த்துவிட்டார் என்று எழுதுவோம்.

பத்தாம் தேதி போகவில்லை. நாளை மறுநாள் அம்மாசியோடு புதுச்சேரி போகிறேன். கூட இருந்து சொட்டு மருந்து அவர்தான் ஊற்ற வேண்டும். அவருக்குப் படிக்கத் தெரியாது. எந்தச் சீசா என்று டாக்டர் காட்டிக் கொடுப்பார். "நான் பாத்துக்கறேன் ஐயா, நீங்க பேசாம படுத்துக்கினு இருங்க" என்றார். சரி என்று சொன்னேன். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கேட்க வந்தது, அடக்கிக்கொண்டேன். உன்னிடம் செய்ய முடியாததை அவரிடம் செய்துவிட்டேன்.

செடி பட்டுவிட்டது. நான்தான் ஜாஸ்தியாக ஊற்றியிருப்பேன்.

இதைச் சாதாரண இன்லண்ட் கடிதத்தில் எழுதித் தபால் பெட்டியில் போடப் போகிறேன். உனக்கு வந்து சேர்ந்ததா, வாங்கினாயா, படித்தாயா என்று கண்ணகியிடமோ தபால்காரரிடமோ வேறு யாரிடமும் கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
ராஜாங்கம்

பி.கு. முதல் கடிதத்தில் மூன்றாவதில் (இ) சரிபார்ப்பது அவமதிப்பு ஆகாது என்று எழுதியிருந்தேன் அல்லவா, அது தவறு.